டைல்ஸ் டிசைன் இருக்கட்டும்... அதுக்கு அடியில என்ன இருக்குனு பார்த்தீங்களா?

வீடு கட்டுறவங்க, ஃபிளாட் வாங்கி உள்வேலை பார்க்கிறவங்க, பழைய பாத்ரூமை இடிச்சுப் புதுசா போடுறவங்க... யாரோட போனைத் திறந்தாலும் கேலரியில ஒரு ஃபோல்டர் இருக்கும். இன்ஸ்டாவுல சேவ் பண்ண பாத்ரூம், யாரோ ஒருத்தர் வீட்டு கிச்சன், கடைகடையா ஏறி எடுத்த நூறு டைல்ஸ் போட்டோ. 'அந்த கிரே நல்லாருக்கா, இந்த பீஜ் நல்லாருக்கா'னு ஃபேமிலி குரூப்ல ஓட்டெடுப்பே நடக்கும். ஆனா, 'டைல்ஸை எதை வச்சு ஒட்டப் போறாங்க, தரை வாட்டம் எந்தப் பக்கம்'னு அந்த குரூப்ல ஒருத்தர்கூட கேட்டிருக்க மாட்டாங்க.

பிடிக்காத கலர் ஆறு மாசத்துல கண்ணுக்குப் பழகிடும். மூலையில தேங்குற தண்ணி பழகாது. கீழ் வீட்டு சீலிங்ல இறங்குற ஈரம் சத்தியமா பழகாது, அதுவும் அந்த வீட்டுக்காரர் வந்து காலிங்பெல் அடிக்கும்போது! இந்த மாதிரி பிரச்னை எல்லாமே டைல்ஸ் போட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஆனா, தப்பு நடந்தது டைல்ஸ் போடுறதுக்கு முன்னாடி. சரி பண்ணணும்னா உடைக்கிறதைத் தவிர வழியே இல்லை.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். 5-க்கு 8 அடி பாத்ரூம்னு வச்சுக்கோங்க. தரை 40 சதுர அடி. சுற்றளவு 26 அடி, ஏழு அடி உயரத்துக்கு டைல்ஸ்னா சுவர் 182 சதுர அடி. கதவைக் கழிச்சா சுமார் 165. அதாவது, தரையைவிட சுவருக்கு நாலு மடங்கு டைல்ஸ் போகுது. மொத்தம் 205, வெட்டுறதுல வீணாகிறதுக்கு 10 சதவிகிதம் சேர்த்தா 225 சதுர அடி. கடையில அரை நாள் நின்னு சதுர அடிக்கு 10 ரூபாய் குறைச்சு வாங்கினாலும் மிச்சம் 2,250 ரூபாய்தான். பாத்ரூமை ஒரு தடவை உடைச்சு, அள்ளி, வண்டியில ஏத்துற கூலிக்கே அது காணாது. பேரம் பேசுங்க, தப்பில்லை. அதே அளவு நேரத்தை டைல்ஸுக்கு அடியில போற வேலைக்கும் கொடுங்க.

'அதான் டைல்ஸ் போட்டாச்சே, தண்ணி எப்படி இறங்கும்?'

இறங்கும். டைல்ஸ் தண்ணியைத் தடுக்கலாம், ரெண்டு டைல்ஸுக்கு நடுவுல இருக்கிற ஜாயின்ட் முழுசா தடுக்காது. சாதாரண சிமென்ட் க்ரவுட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கு. தினமும் குளிக்கிற தண்ணி அது வழியா கொஞ்சம் கொஞ்சமா கீழே போய்க்கிட்டுதான் இருக்கும்.

மாடி வீடுகள்ல, அபார்ட்மென்ட்கள்ல பாத்ரூம் கான்கிரீட்டை மத்த தரையைவிடப் பள்ளமா போட்டிருப்பாங்க. 'சங்கன் ஸ்லாப்'னு இன்ஜினீயர் சொல்றது இதைத்தான். பைப் எல்லாம் அந்தப் பள்ளத்துல ஓடும், அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் கலவையும் போட்டு நிரப்பி, மேல டைல்ஸ். ஜாயின்ட் வழியா இறங்குற தண்ணி இந்தப் பள்ளத்துல தொட்டி மாதிரி சேரும். எங்கேயாவது ஒரு மெல்லிய விரிசல் கிடைச்சா போதும், கீழ் வீட்டு சீலிங்தான்.

அதனால வாட்டர்ப்ரூஃபிங் ரெண்டு இடத்துல வேணும். பள்ளத்தோட அடியில ஒண்ணு, நிரப்பின பிறகு டைல்ஸுக்குக் கீழே இன்னொண்ணு. ரெண்டு கோட், ஒண்ணு நீளவாக்குல அடிச்சா அடுத்தது குறுக்கே. தரையோட நிறுத்தாம சுவர்ல ஒரு அடி உயரத்துக்காவது ஏத்தணும், ஷவர் இருக்கிற சுவர்ல ஆள் உயரத்துக்கு. தரையும் சுவரும் சேருற மூலையும், பைப் ஸ்லாபைத் துளைச்சுப் போற இடமும்தான் பெரும்பாலும் ஒழுகும். மூலையை அப்படியே விடாம கலவை வச்சு வளைவா உருட்டிட்டு, அதுக்கு மேல கோட் அடிக்கச் சொல்லுங்க.

அடிச்சு முடிச்சதும் மேஸ்திரி, 'நாளைக்கு டைல்ஸ் ஆரம்பிச்சிடலாம் தம்பி'ம்பார். 'இருங்கண்ணே, ஒரு நாள் தண்ணி கட்டிப் பார்த்துடுவோம்'னு சொல்லுங்க. பைப் வாய்களை அடைச்சு, கதவுப் பக்கம் ஒரு வரிசை செங்கல் வச்சுப் பூசி, ரெண்டு அங்குலம் தண்ணி நிரப்பணும். தண்ணி மட்டத்துல சுவர்ல பென்சிலால ஒரு கோடு போடுங்க, போட்டோ எடுங்க. 24 மணி நேரம் கண்டிப்பா நிக்கணும், முடிஞ்சா 48. கோடு லேசா இறங்கியிருந்தா ஆவியானதா இருக்கலாம். நீங்க முக்கியமா பார்க்க வேண்டியது கீழ்த் தளத்து சீலிங்கையும் பக்கத்து அறைச் சுவரையும். அங்கே ஈரம் தெரிஞ்சா அன்னைக்கே சரி பண்ணலாம், ஒரு டைல்ஸ்கூட உடைய வேண்டாம். வீட்டு வேலை முழுக்க நீங்க பிடிவாதம் பிடிக்கிறதுக்கு ஒரே ஒரு நாள்தான்னா, அது இந்த நாளா இருக்கட்டும்.

இன்னொரு வேலை, உங்க கையில இருக்கிற போனாலேயே முடியும். சுவர்ல பைப், வயர் எல்லாம் பதிச்ச பிறகு, பூசுறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்க. பக்கத்துல இன்ச் டேப்பை விரிச்சுப் பிடிச்சு எடுத்தா, தரையில இருந்து எத்தனை அடி, மூலையில இருந்து எத்தனை அடினு பிறகு தெரியும். ரெண்டு வருஷம் கழிச்சு கீஸர் மாட்டுறவர் டிரில்லை எடுத்துக்கிட்டு, 'பைப் எந்தப் பக்கம் போகுது சார்?'னு கேட்பார். அப்போ அந்த போட்டோ தங்கம்!

வாட்டம்னா என்ன, எவ்வளவு?

தரை எந்தப் பக்கம், எவ்வளவு சாயுதுங்கிறதைத்தான் கொத்தனார் 'வாட்டம்'னு சொல்றார். பாத்ரூம்ல எல்லா வாட்டமும் ஜாலி இருக்கிற இடத்தைப் பார்த்துப் போகணும். ஆறு அடிக்கு ஒரு அங்குலம் இறக்கம்ங்கிற கணக்கு ஞாபகத்துல இருந்தா போதும். அதைவிடக் குறைஞ்சுக்கிட்டே போனா தண்ணி நிக்கும். ரொம்பக் கூடினா கால் வைக்கிறப்பவே சாய்வு தெரியும், வாளி ஒரு பக்கமா இழுக்கும்.

இங்கேதான் டிசைன் ஆசை வில்லனாகுது. 'ஹால்ல போட்ட அதே ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸை பாத்ரூம்லயும் போட்டா சூப்பரா இருக்கும்'னு தோணும். ஆனா, டைல்ஸ் வளையாது. நாலு பக்கத்துல இருந்தும் ஜாலியை நோக்கி இறக்கம் கொடுக்கணும்னா டைல்ஸ் சின்னதா இருந்தாதான் முடியும். பெரிய டைல்ஸ்னா ஒண்ணு வாட்டம் போகும், இல்லைனா மூலைக்கு மூலை வெட்டி ஒட்டு வேலை செஞ்சு அசிங்கமாகும். பாத்ரூம் தரைக்கு ஒண்ணுக்கு ஒண்ணு டைல்ஸை இத்தனை வருஷமா போடுறாங்கன்னா அதுக்குக் காரணம் இருக்கு. பெரிய டைல்ஸ்தான் வேணும்னா, ஜாலிக்குப் பதிலா ஒரு சுவர் ஓரமா நீளமான சேனல் ட்ரெயின் வச்சுக்கோங்க. வாட்டம் ஒரே பக்கம் போகும், டைல்ஸும் முழுசா உட்காரும்.

பாத்ரூம் தரை, வெளியே இருக்கிற அறையைவிட அரை அங்குலமாவது கீழே இருக்கணும்ங்கிறதையும் வேலை ஆரம்பிக்கிற அன்னைக்கே சொல்லிடுங்க. பெட்ரூம்ல பிறகு டைல்ஸ் போடும்போது லெவல் மாறி, பாத்ரூம் தண்ணி கட்டிலுக்கு அடியில வந்து நிற்கிற வீடுகள் உண்டு.

ஆர்9-னா பத்துக்கு ஒன்பது மார்க் இல்லை

வீட்ல வயசானவங்க இருக்காங்களா? அப்போ இந்தப் பகுதியை ரெண்டு தடவை படிங்க. தாத்தா, பாட்டி பாத்ரூம்ல வழுக்கி இடுப்பு எலும்பு முறிஞ்சா, ஆபரேஷன், மாசக்கணக்குல படுக்கைனு வீட்டோட நிலைமையே மாறிடும்.

தரை டைல்ஸ் பெட்டியில, கேட்டலாக்ல ஆர்9, ஆர்10, ஆர்11-னு ஒரு எண் போட்டிருப்பாங்க. வழுக்காத தன்மையைச் சொல்ற அளவு இது, ஜெர்மனியில் இருந்து வந்தது. எண்ணெய் தடவின தரை மேல ஷூ போட்ட ஒருத்தரை நடக்க விட்டு, அந்தத் தரையைக் கொஞ்சம் கொஞ்சமா சாய்ச்சு, எந்தக் கோணத்துல வழுக்குதுனு பார்த்து எண் கொடுப்பாங்க. இந்த வரிசை ஆர்9-லதான் ஆரம்பிக்குது, ஆர்13 வரை போகும். அதாவது, ஆர்9-ங்கிறதுதான் கடைசி பெஞ்ச். பாத்ரூம் தரைக்கு ஆர்10-க்குக் கீழே இறங்காதீங்க, ஷவருக்கு அடியில ஆர்11 இருந்தா நல்லது. வெறுங்கால், சோப்புத் தண்ணினு சோதிக்கிற வேற வரிசையும் இருக்கு. அதுல ஏ, பி, சி-னு மூணு வகை, சி-க்குத்தான் பிடிமானம் அதிகம்.

எண்ணே இல்லாத டைல்ஸா? கடைக்காரர்கிட்ட ஒரு டம்ளர் தண்ணியும் கொஞ்சம் ஹேண்ட்வாஷும் கேளுங்க. டைல்ஸைத் தரையில வச்சு, ஊத்தி, செருப்பைக் கழட்டிட்டு காலால தேய்ச்சுப் பாருங்க. கடையில நாலு பேர் பார்ப்பாங்க, பார்க்கட்டும். 'மேட் ஃபினிஷ்'னு எழுதியிருந்தாலே வழுக்காதுனு அர்த்தமில்லை. அதுக்காக மரத்தோல் மாதிரி சொரசொரப்பானதையும் எடுக்காதீங்க. அழுக்கு உள்ளே போய் உட்கார்ந்துக்கும், தேய்க்கிறவங்க பாவம்.

கமோட் பக்கத்துல, ஷவர் பக்கத்துல பிடிச்சுக்கக் கம்பி மாட்டுறதா இருந்தா டைல்ஸ் போடுறதுக்கு முன்னாடியே இடத்தை முடிவு பண்ணுங்க. ஒரு ஆளோட எடையைத் தாங்குற கம்பி கெட்டியான சுவர்ல ஆழமா இறங்கணும். டைல்ஸ்ல மட்டும் பிடிச்சு நிற்கிற கம்பியை நம்பிப் பிடிக்கிறது, கம்பியே இல்லாததைவிட ஆபத்து.

ஊற வைக்கணுமா, வேண்டாமா?

டைல்ஸ் போடுறவர் சுவர் டைல்ஸைத் தண்ணித் தொட்டியில ஊற வைக்கிறதைப் பார்த்திருப்பீங்க. செராமிக் சுவர் டைல்ஸ் தண்ணியை நல்லா உறிஞ்சும், தன் எடையில 10 சதவிகிதத்துக்கும் மேல. ஊற வைக்காம ஒட்டினா, சிமென்ட்டுல இருக்கிற தண்ணியை அது குடிச்சிடும், சிமென்ட் இறுகாது. இது பழைய, சரியான முறை.

விட்ரிஃபைட் டைல்ஸ் கதை வேற. அது உறிஞ்சுறது அரை சதவிகிதமோ அதுக்கும் குறைவோதான். ஊற வச்சாலும் பிரயோஜனம் இல்லை, சிமென்ட் பால் தடவினா அதைப் பிடிச்சுக்க முதுகுல துளையும் இல்லை. சில மாசத்துல 'பொதக்'னு பெயர்ந்து வர்ற டைல்ஸ் பலதுக்குக் காரணம் இதுதான். இதுக்கு டைல் அட்ஹெசிவ்தான் போடணும். மூட்டையில ஐ.எஸ். 15477-ங்கிற இந்திய தர எண்ணும், பக்கத்துல டைப் எண்ணும் இருக்கும். உங்க டைல்ஸுக்கு எந்த டைப்னு பார்த்து வாங்குங்க. கையில இருக்கிற டைல்ஸ் எந்த ரகம்னு சந்தேகமா? திருப்பிப் போட்டு முதுகுல நாலு சொட்டு தண்ணி விடுங்க. உடனே உறிஞ்சி நிறம் மாறினா செராமிக், முத்து மாதிரி நின்னா விட்ரிஃபைட்.

அட்ஹெசிவ் வாங்கிக் கொடுத்தா மட்டும் போதாது, பூசுற விதத்தையும் பார்க்கணும். நாலு மூலையில, நடுவுல ஒண்ணுனு அஞ்சு பொட்டு வச்சு ஒட்டுறவங்க இருக்காங்க. வேலை சீக்கிரம் முடியும், மட்டமும் வந்துடும். ஆனா, பொட்டுக்கு நடுவுல எல்லாம் காத்து. கிச்சன் தரையில அப்படிப் போட்டா என்ன ஆகும்? நிறைஞ்ச கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ இருக்கும், அதோட அடி வளையத்துலதான் உருட்டிக்கிட்டு வருவாங்க. அம்மா தரையில உட்கார்ந்து தேங்காய் உடைப்பாங்க. அடியில காத்து இருக்கிற டைல்ஸ் எத்தனை நாள் தாங்கும்? பல் வச்ச கரண்டியால முதுகு முழுக்கப் பூசச் சொல்லுங்க. முதல் ரெண்டு டைல்ஸை ஒட்டின உடனே ஒண்ணைப் பெயர்த்து, பசை எல்லா இடத்துலயும் பிடிச்சிருக்கானு பார்க்கக் கேளுங்க. நல்ல வேலைக்காரர் கோவிச்சுக்க மாட்டார். எல்லாம் காய்ஞ்ச பிறகு, க்ரவுட் போடுறதுக்கு முன்னாடி, ஒரு ரூபாய் காசால ஒவ்வொரு டைல்ஸா தட்டிக்கிட்டே போங்க. கெட்டியான சத்தத்துக்கு நடுவுல ஓட்டைப் பானை சத்தம் வந்தா, அந்த டைல்ஸ்ல சாக்பீஸால ஒரு குறி. பாக்கிக் கூலியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதை முடிச்சுக்கிறது புத்திசாலித்தனம்.

'ஜாயின்டே தெரியாம ஒட்டிக் கொடுங்க'னு கேட்கிற பழக்கத்தையும் விட்டுடுங்க. வெயிலுக்கும் ஈரத்துக்கும் டைல்ஸும் கான்கிரீட்டும் கொஞ்சம் விரியும், சுருங்கும். நகர இடமே இல்லைனா ஒருநாள் மத்தியானம் 'டமார்'னு சத்தத்தோட ரெண்டு டைல்ஸ் கூடாரம் மாதிரி எழும்பி நிக்கும். ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஸ்பேசர் வச்சு ஒட்டினா, அந்தக் கோடு அழகைக் கெடுக்காது. சுவர் ஓரத்துலயும் கொஞ்சம் இடைவெளி விடணும். ஸ்கர்ட்டிங் அதை மறைச்சிடும்.

கிச்சன் சுவருக்குப் பளபளப்பு நல்லது

பாத்ரூம் தரைக்குச் சொன்னதுக்கு அப்படியே நேர்மாறு. அடுப்புக்குப் பின்னால இருக்கிற சுவர்ல தினமும் தாளிக்கிற எண்ணெய் தெறிக்கும். மேட், கல் மாதிரி மேடு பள்ளமான டைல்ஸ் போட்டோவுல ராயலா இருக்கும். ஆனா, ரெண்டு மாசத்துல ஒவ்வொரு பள்ளத்துலயும் பிசுக்கு. வழவழப்பான டைல்ஸ்னா ஒரு ஈரத்துணியில வேலை முடிஞ்சிடும். கிச்சன் தரை மட்டும் கொஞ்சம் சொரசொரப்பாவே இருக்கட்டும், சிங்க் தண்ணியும் எண்ணெயும் அங்கேதானே சிந்தும்!

அடுப்புச் சுவர்ல வெள்ளை க்ரவுட் வேண்டவே வேண்டாம். மஞ்சள்தூள் ஒரு தடவை பட்டா போதும். துணியில பட்ட மஞ்சள் கறை வெயில்ல காயப்போட்டா மங்கிடும், கிச்சன் சுவரை எந்த வெயில்ல காயப்போடுறது? டைல்ஸ் நிறத்துக்குப் பக்கத்துல இருக்கிற க்ரவுட் எடுங்க. எபாக்ஸி க்ரவுட் விலை அதிகம்தான். ஆனா தண்ணியையும் கறையையும் உள்ளே விடாது. வீடு முழுக்க அது தேவையில்லை. அடுப்புச் சுவர், பாத்ரூம் தரை, ஷவர் சுவரோட கீழ்ப்பாதி... இந்த மூணு இடத்துக்கு மட்டும் செலவு பண்ணுங்க. எபாக்ஸி சீக்கிரம் இறுகிடும்ங்கிறதால, போட்ட உடனே துடைச்சு எடுக்கத் தெரிஞ்ச ஆளா பாருங்க. இல்லைனா டைல்ஸ் மேல படலமா ஒட்டிக்கிட்டு உயிரை வாங்கும். மேடையும் சுவரும் சேருற மூலைக்கு எந்த க்ரவுட்டும் ஆகாது. கிரானைட்டும் சுவரும் தனித்தனியா அசையும், க்ரவுட் வெடிச்சுடும். அங்கே சிலிக்கான் சீலன்ட்.

மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன், வாட்டர் ப்யூரிஃபையர் எல்லாத்துக்கும் பிளக் பாயின்ட் எங்கேனு டைல்ஸுக்கு முன்னாடியே முடிவாகியிருக்கணும். ஒட்டின பிறகு பாயின்ட்டுக்காகத் தட்டினா விரிசல் விடாத டைல்ஸ் அபூர்வம்.

இப்போ ஆத்தங்குடி கல் போட்ட கிச்சன் ரீல்ஸ் நிறைய வருது. அழகுதான், மறுக்கலை. ஆனா, அது சூளையில சுட்ட டைல்ஸ் இல்லை. கண்ணாடி மேல வண்ணக் கலவையை ஊத்தி, அதுக்கு மேல சிமென்ட்டும் மணலும் போட்டு, தண்ணியில ஊற வச்சு கையால செய்யற சிமென்ட் கல். எலுமிச்சை, புளி, வினிகர் பட்டா மேல்பரப்பை அரிக்கும், எண்ணெயை உறிஞ்சும். ஹால், முற்றம், பூஜை அறைக்குப் போடுங்க, வருஷம் போகப் போக மெருகு ஏறும். அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் அது சரிவராது.

அதே மாதிரி, போர் தண்ணி வீட்டுக்குக் கறுப்பு, கரும்பச்சைப் பளபள டைல்ஸ். ஹோட்டல் பாத்ரூம் மாதிரி முதல் வாரம் ஜொலிக்கும். உப்புத் தண்ணி காய்ஞ்சா விடுற வெள்ளைத் திட்டு, கறுப்புல தெரியுற மாதிரி வேற எதுலயும் தெரியாது. வெளிர் நிறத்துலயும் உப்பு படியத்தான் செய்யும், கண்ணுக்குத்தான் படாது.

அந்த உப்பை எடுக்க ஆசிட் ஊத்துற வழக்கம் நிறைய வீட்ல இருக்கு. ஆசிட், சிமென்ட் க்ரவுட்டைக் கரைச்சிடும். உப்பு போகும், கூடவே ஜாயின்ட்டும் போகும், திரும்பத் தண்ணி இறங்க ஆரம்பிக்கும். குளிச்சு முடிச்சதும் வைப்பரால ஒரு இழுப்பு இழுத்து விட்டாலே பாதி உப்பு படியாது. எக்காரணம் கொண்டும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்துல பயன்படுத்தாதீங்க. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து.

'பழைய டைல்ஸை உடைக்காம அதுக்கு மேலேயே ஒட்டலாமா?' ஒட்டலாம், அதுக்கான அட்ஹெசிவ் இருக்கு. பழைய டைல்ஸ் அசையாம, காசால தட்டினா கெட்டியான சத்தம் வரணும். தரை அரை அங்குலத்துக்கு மேல உயரும்ங்கிறதால கதவும் ஜாலியும் இடிக்குமானு பார்க்கணும். ஏற்கெனவே கசிவு இருந்தா மட்டும் இந்த யோசனையே வேண்டாம். மேல எத்தனை டைல்ஸ் போட்டாலும் அடியில இருக்கிற ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

வாங்கும்போது எல்லாப் பெட்டியிலயும் ஷேட் எண்ணும் பேட்ச் எண்ணும் ஒண்ணானு பாருங்க. ஒரே டிசைன்ல பேட்ச் மாறினா நிறம் லேசா மாறும், சுவர்ல ஏறின பிறகுதான் அது பளிச்னு தெரியும். வேலை முடிஞ்சதும் மிச்சமாகிற நாலஞ்சு டைல்ஸை மேஸ்திரிகிட்ட கொடுத்துடாதீங்க. பெட்டியோட லாஃப்ட்ல ஏத்தி வைங்க. நாளைக்கு ஒரு பைப் மாத்தும்போது ரெண்டு டைல்ஸ் உடைஞ்சா, அதே டிசைன் அப்போ கடையில இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை.